இரவுக்கடையும் வாடகை வண்டியும்: உரிமம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

பகலிற் கூடும் கடைத்தெருவை நாளங்காடி என்றும், இரவிற் கூடும் கடைத்தெருவை அல்லங்காடி என்றும் நம் முன்னோர் வேறு பிரித்து வழங்கினர். பகல் வாணிகத்துக்கும் இரவு வாணிகத்துக்கும் இயல்பிலேயே வேற்றுமை உண்டென அவர்கள் கண்டனர் போலும். இவ்வேற்றுமையைச் சட்டத்தால் வரையறுத்து, இரவில் பொதுமக்களுக்கு ஊழியம் செய்வோரை ஊர் மன்றத்தின் மேற்பார்வையில் வைத்துள்ள நாடுகளுள் இங்கிலாந்து ஒன்று. நள்ளிரவில் உணவு விற்கும் கடைக்காரரும், வாடகை வண்டி ஓட்டுநரும் ஆங்கே உள்ளூர் ஆட்சி மன்றத்தின் உரிமம் பெற்றே தொழில் நடத்தவேண்டும். அம்மன்றங்கள் எவ்வாறு முடிவு செய்கின்றன, அம்முடிவுகளின் அடியில் கிடக்கும் நீதி யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வாம்.

இஃது அயல்நாட்டுச் சட்ட நுணுக்கமன்றோ, மாணவர்க்கு இதனால் யாது பயன் என்று சிலர் வினவக்கூடும். ஒரு தட்டில் ஒருவரது பிழைப்பும் மற்றொரு தட்டில் பிறரது பாதுகாப்பும் வைக்கப்படும்போது துலாக்கோலை எவ்வாறு பிடிப்பது என்பதே இங்கு எழும் வினா. இவ்வினா எந்நாட்டுக்கும் பொதுவானது.

உரிமையும் உரிமமும்

லைசென்ஸ் என்னும் ஆங்கிலச் சொல்லை உரிமம் என இன்று தமிழில் வழங்குகிறோம். உரிமை, உரிமம் என்னும் இரண்டும் ஓரடியிற் பிறந்த சொற்களே. எனினும் பொருளால் வேறுபட்டவை. உரிமை ஒருவர்க்குத் தானே உள்ளது. உரிமம் பிறர் கொடுத்து ஒருவர் கொள்வது. கொடுத்தவர் தக்க காரணங் காட்டித் திரும்பப் பெறவும் கூடும். ஆகவே, உரிமச் சீட்டைக் கையிற் கொண்டவர் ஊரார் தம்மேல் வைத்த நம்பிக்கையைக் கையிற் கொண்டவர் ஆகிறார். இவ்வேற்றுமையை உள்ளத்திற் கொண்டால் மேல்வருவன எளிதில் விளங்கும்.

இரவுக்கடை

இரவில் நெடுநேரம் திறந்திருக்கும் சிற்றுண்டி விடுதிகள் உரிமம் பெறல் வேண்டும் என்னும் சட்டம் இங்கிலாந்தில் 1860 ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. 1969 இல் அது புதுப்பிக்கப்பட்டது. இப்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் இருப்பது 2003 ஆம் ஆண்டின் உரிமச் சட்டம்; இது 2005 நவம்பர் 24 முதல் முழுமையாகச் செயற்பட்டு வருகிறது. மது விற்பனை, கேளிக்கை, இரவு உணவு ஆகியவற்றை எல்லாம் இச்சட்டம் ஒருங்கே ஆளுகிறது.

இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரையுள்ள நேரத்தில் பொதுமக்களுக்குச் சூடான உணவோ சூடான பானமோ விற்போர் உரிமம் பெறல் வேண்டும் என்பது விதி. ‘சூடான’ என்னும் அடைமொழியை நோக்குக. நள்ளிரவில் ஆறிய ரொட்டியை விற்பவர்க்கு இவ்வுரிமம் வேண்டுவதில்லை. அதே ரொட்டியைச் சுடவைத்து விற்பவர்க்கு வேண்டும். பதிவு பெற்ற அறநிலையம் இலவசமாக வழங்கும் சூடான உணவுக்கும், விடுதியில் இரவு தங்கியிருப்பவர்க்குத் தரும் உணவுக்கும் விலக்கு உண்டு.

ஒரு கடைக்காரர் இரவு 2 மணி வரை கபாப்பும் வறுவலும் விற்க விரும்புகிறார் என்று கொள்வோம். அவர் செய்யவேண்டுவன யாவை? முதலில் மன்றத்துக்கு விண்ணப்பம் எழுதி, கட்டணம் செலுத்தவேண்டும். கட்டணம் கட்டடத்தின் வரி மதிப்பைப் பொறுத்து 100 பவுன் முதல் 635 பவுன் வரை ஐந்து படிகளாக உள்ளது. பின்னர் வெளிர்நீலத் தாளில் அறிவிப்பு எழுதி, தெருவிற் செல்வோர் படிக்குமாறு 28 நாள் கடைவாயிலில் ஒட்டிவைக்கவேண்டும். உள்ளூர்ச் செய்தித்தாளிலும் வெளியிடவேண்டும். அந்த 28 நாளுக்குள் போலீஸார், தீயணைப்புத் துறையினர், சுகாதாரத் துறையினர் முதலியோரும், அயலிற் குடியிருப்போரும் மறுப்பு எழுதலாம்.

எழுதப்படும் மறுப்பு நான்கு நோக்கங்களுள் ஒன்றைத் தொட்டதாதல் வேண்டும். குற்றத்தையும் கலகத்தையும் தடுத்தல், பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுத்தல், சிறுவர்களைத் தீங்கினின்று காத்தல் என்பனவே அந்நான்கு. “இத்தெருவில் ஏற்கெனவே என் கடை உள்ளது, இன்னொரு கடை எதற்கு?” என்று வணிகப் போட்டி காரணமாக எழுதினால் அது செல்லாது. “நள்ளிரவுக்குப்பின் குடித்தவர்கள் அக்கடை வாயிலிற் கூடிக் கூச்சலிடுவர்; எம் குழந்தைகள் உறங்க இயலாது” என்று எழுதினால் அது கேட்கப்படும்.

தக்க மறுப்பு ஒன்றும் வாராதொழியின், விண்ணப்பம் முறைப்படி அமைந்திருக்கும் வரை, மன்றம் உரிமம் கொடுத்தே தீரவேண்டும். மறுப்பு வந்தால், மன்ற உறுப்பினர் மூவர் கொண்ட சிறு குழு இரு திறத்தாரையும் அழைத்து விசாரிக்கும். அக்குழு கேட்டபடியே கொடுக்கலாம், நேரத்தைக் குறைக்கலாம், வாயிலிற் காவலாள் நிறுத்துதல், குப்பைத்தொட்டி வைத்தல் போன்ற நிபந்தனைகளை விதிக்கலாம், முற்றிலும் மறுக்கவும் செய்யலாம். எதைச் செய்தாலும் காரணம் எழுதித் தரவேண்டும். முடிவால் குறையுற்றவர் 21 நாளுக்குள் மாஜிஸ்டிரேட்டு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்துகொள்ளலாம்.

அச்சம் மட்டுமே சான்று ஆகாது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. 2008 இல் விர்ரல் பகுதியைச் சேர்ந்த ஒரு மதுவிடுதி வழக்கில், விடுதியின் நேரத்தைக் குறைத்த மாஜிஸ்டிரேட்டுகளின் முடிவை உயர்நீதிமன்றம் தள்ளியது. என்னை? நீண்ட நேரம் திறந்திருந்த காலத்தில் தொல்லை விளைந்ததற்குச் சான்று இல்லாதிருக்க, இனி விளையலாம் என்னும் ஊகத்தையே அவர்கள் சான்றாகக் கொண்டமையால் என்க. மறுபுறம், உரிமம் கொடுத்தபின் தொல்லை உண்மையாகவே விளையுமாயின், அயலார் எவரும் அவ்வுரிமத்தை மறு ஆய்வு செய்யுமாறு மன்றத்தை வேண்டலாம். ஆகவே சட்டம் கடைக்காரரை முதலில் நம்புகிறது, பின்னர்க் கண்காணிக்கிறது.

வாடகை வண்டி

இனி வண்டியோட்டுநரைக் காண்பாம். இங்கிலாந்தில் வாடகை வண்டிகள் இருவகைப்படும். தெருவிற் கை காட்டி நிறுத்தி ஏறத்தக்கது ஹாக்னி வண்டி. முன்னரே சொல்லி வைத்து வரவழைக்கத்தக்கது தனியார் வாடகை வண்டி. லண்டனுக்கு வெளியே முதலாவது வகையை ஆளுவது குதிரை வண்டிக் காலத்தில், 1847 இல், இயற்றப்பட்ட சட்டம்! குதிரை போய் மோட்டார் வந்து நூறாண்டு கடந்தும் அச்சட்டத்தின் பகுதிகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. 1976 ஆம் ஆண்டுச் சட்டம் அதனோடு சேர்ந்து இரு வகையினையும் ஆளுகிறது. லண்டன் மாநகர்க்குத் தனிச் சட்டங்கள் உண்டு.

1976 ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர்நாடி ஒரு தொடர். விண்ணப்பிப்பவர் “தக்கவரும் தகுதியுடையவரும்” என்று மன்றம் மனநிறைவு அடைந்தாலன்றி உரிமம் கொடுத்தல் ஆகாது. இங்கே மெய்ப்பிக்கும் சுமை ஓட்டுநர் தலைமேல் உள்ளது. மறுப்பு ஒருவரும் எழுதாவிடினும், மன்றத்தின் உள்ளத்தில் ஐயம் நிலைக்குமாயின் விண்ணப்பம் தள்ளப்படும்.

தெரு அறிவு ஒன்றே தகுதி ஆகாது. லண்டனிற் கருநிற வண்டி ஓட்ட விரும்புவோர் சேரிங் கிராஸ் என்னும் இடத்தை நடுவாகக் கொண்டு ஆறு மைல் சுற்றளவில் உள்ள ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடமாகக் கற்றுத் தேர்வு கொடுக்கின்றனர். அரிய கல்விதான், ஆயினும் அத்தேர்வில் வென்றவர்க்கும் நடத்தைச் சோதனை தனியே உண்டு. வழியை அறிந்திருப்பது ஒன்று. வழியில் ஒருவரைத் தீங்கின்றிக் கொண்டு சேர்ப்பது மற்றொன்று.

இரு துலாக்கோல்

கடைக்காரரிடம் ‘கொடு’ என்று தொடங்கும் சட்டம், ஓட்டுநரிடம் ‘பொறு’ என்று தொடங்குவது ஏன்? ஒருவர்க்கு அன்பும் மற்றவர்க்கு வன்மையும் காட்டுவதன்று இது. தீங்கு விளையக்கூடிய இடத்தை நோக்கின் காரணம் புலனாகும்.

கடை தெருவில் நிற்பது, விளக்கொளியில் நடப்பது, பலர் கண்காண நிகழ்வது. அங்கே தொல்லை எழுந்தால் அயலார் கேட்பர், போலீஸார் வருவர், மறுநாள் மன்றத்துக்கு முறையீடு போகும். வாடகை வண்டியின் நிலைமை வேறு. நள்ளிரவில், மூடிய கதவுக்குள், முன்பின் அறியாத ஒருவரோடு, அவர் திருப்பும் திசையிற் பயணி செல்கிறார். அப்பயணி தனித்த பெண்ணாகவோ, கண் தெரியாதவராகவோ, பள்ளிச் சிறுமியாகவோ, மதுவால் தன்னிலை இழந்தவராகவோ இருக்கக்கூடும். அங்கே சாட்சி இல்லை. தீங்கு நேர்ந்தபின் மறு ஆய்வு செய்வதாற் பயனும் இல்லை. ஆதலின் பின்னர்க் காக்க இயலாததை முன்னரே காக்கவேண்டிய கடமை மன்றத்துக்கு ஏற்படுகிறது.

ஸ்காட்லாந்தில் நிலைமை சற்று மாறுபட்டது. அந்நாட்டின் 1982 ஆம் ஆண்டுச் சட்டம் இரவு உணவுக் கடையையும் வாடகை வண்டியையும் ஓரிடத்தில் வைத்து, இரு தொழிலாரிடத்தும் தகுதியை வினவுகிறது. எம்முறை சிறந்தது என்று நூலோர் வாதிடலாம். இங்கிலாந்து முறை, தீங்கின் தன்மைக்கு ஏற்பக் காவலின் தன்மையை அமைப்பது என்பது நம் கருத்து.

ராதரம் கற்பித்த பாடம்

விதி ஏட்டில் இருத்தல் வேறு. அதனை ஆளுவோர் விழிப்பாயிருத்தல் வேறு. இதற்கு இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ராதரம் நகரமே துயரமிக்க சான்று. பேராசிரியர் அலெக்ஸிஸ் ஜே என்பார் 2014 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, 1997 முதல் 2013 வரை அந்நகரில் ஏறத்தாழ 1,400 சிறுவர் சிறுமியர் பாலியற் கொடுமைக்கு ஆளாயினர் என மதிப்பிட்டது; அத்தொகையும் குறைந்த மதிப்பே என்றது. அக்கொடுமையில் வாடகை வண்டிகளின் பங்கு வெளிப்படையாக இருந்ததெனவும் அது கூறிற்று. பள்ளிகளின் வாயிலுக்கும், காப்பகங்களின் வாயிலுக்கும் சென்ற வண்டிகளுள் சில, காவலுக்குப் பதில் கேட்டுக்கு வழியாயின.

அடுத்து லூயிஸ் கேஸி என்பார் நடத்திய ஆய்வு 2015 பிப்ரவரியில் வெளியாயிற்று. மன்றம் தன் கடமைக்கே தகுதியற்றதாயிற்று என அது கண்டது; வண்டி உரிமப் பிரிவும் அக்குறைக்கு விலக்கன்று. பின்னர் மத்திய அரசாங்கம் கமிஷனர்களை அனுப்பி, உரிமம் வழங்கும் அதிகாரம் உட்பட மன்றத்தின் அதிகாரங்களை அவர்கள் கையில் வைத்தது. வண்டிக்குள் ஒளிப்படக் கருவி, குழந்தைகளைக் காத்தல் பற்றிய பயிற்சி முதலியன அந்நகரில் கட்டாயமாயின.

இங்கு ஒன்று சொல்லியே ஆகவேண்டும். பெரும்பாலான ஓட்டுநர்கள் குளிரிலும் இரவிலும் உழைத்து, நோயாளியை மருத்துவமனைக்கும் முதியவரை வீட்டுக்கும் கொண்டு சேர்க்கும் நேர்மையாளரே. மன்றம் உறங்கியதாற் கெட்டது சிறுமியரின் வாழ்வு மட்டுமன்று; அந்நேர்மையாளரின் நற்பெயருங்கூட. தகுதியை ஒழுங்காகச் சோதிக்கும் மன்றமே நல்ல ஓட்டுநர்க்கு உண்மையான நண்பன்.

பிழைப்பும் பாதுகாப்பும்

உரிமம் இழந்த ஓட்டுநர் மன்றத்தின்முன் நின்று, “எனக்கு மனைவி மக்கள் உண்டு, வேறு தொழில் அறியேன், வண்டிக் கடன் தீரவில்லை” என்று முறையிட்டால் நம் நெஞ்சு இளகும். அவ்விரக்கத்தை மன்றம் கணக்கிற் கொள்ளலாமா? 2002 இல் லீட்ஸ் மன்றம் சார்ந்த வழக்கில் உயர்நீதிமன்றம் இதற்கு விடை கூறியது. ஓட்டுநரின் குடும்ப நிலையும் வருவாயும், நடந்ததை விளக்க உதவினாலன்றி, இம்முடிவுக்குப் பொருந்தாதவை என்பதே அவ்விடை. கேட்கும்போது கடுமையாகத் தோன்றும். ஆயின், மன்றத்தின்முன் நின்று பேசுபவர் ஓட்டுநர் ஒருவரே. நாளை அவ்வண்டியில் ஏறப்போகும் பயணி அங்கு வந்து தன் வழக்கை எடுத்துரைக்க இயலாது. இன்னார் என்பதும் தெரியாது. இல்லாதவர் சார்பிற் பேசவேண்டியவர் மன்றத்தாரே. இருப்பவரின் கண்ணீர் ஒன்றையே கண்டு முடிவு செய்யின், இல்லாதவரின் கண்ணீர்க்கு அவர்கள் விடை கூறவேண்டி வரும்.

2020 ஜூலையில் பிரிட்டிஷ் அரசாங்கம் வெளியிட்ட நெறிமுறை இதனை ஒரு வினாவாகவே அமைத்துள்ளது. உமக்கு அருமையான ஒருவரை, அவர் எந்நிலையிலிருப்பினும், இரவிலோ பகலிலோ எந்நேரத்திலும், இந்த ஓட்டுநரின் வண்டியில் தனியே அனுப்புவீரா என்று முடிவு செய்வோர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவிக்கொள்ளவேண்டுமாம். குற்ற வழக்கிற்போல ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பித்தல் இங்கு வேண்டுவதில்லை. இரு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்து, ‘அனுப்பேன்’ என்னும் பக்கம் தட்டுத் தாழ்ந்தால் உரிமம் இல்லை. ஐயத்தின் பயன் பயணிக்கே.

முன் குற்றங்களுக்கு அந்நெறிமுறை அளவும் வகுத்துள்ளது. பிறர் உயிர்போகக் காரணமான குற்றத்துக்கும், பாலியற் குற்றத்துக்கும் தண்டனை பெற்றவர்க்கு உரிமம் என்றும் இல்லை. வன்முறைக் குற்றமாயின் தண்டனை முடிந்து 10 ஆண்டு கழியவேண்டும். மோசடியாயின் 7 ஆண்டு. மது அருந்தி வண்டி ஓட்டியதாயினும் 7 ஆண்டு. உரிமம் உள்ளவரின் குற்றப் பதிவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கவும் வேண்டும். எனினும் இவை அளவுகோலே. ஒவ்வொருவரின் வழக்கையும் அதனதன் தன்மை நோக்கியே முடிவு செய்தல் வேண்டும் என்பதையும் அந்நெறிமுறை வற்புறுத்துகிறது. திருந்தியவர்க்குக் கதவு திறந்திருக்கிறது. திருந்தினார் என்பதைக் காலம் காட்டவேண்டும். ஓட்டுநர்க்கும் மேல்முறையீடு உண்டு. பொதுமக்கள் பாதுகாப்புக் கருதி உடனே நீக்கப்பட்டாலன்றி, மேல்முறையீடு முடியும்வரை அவர் தொழில் நடத்தலாம்.

தனி மனிதரைப்போலவே நிறுவனமும் தகுதிக்கு உட்பட்டது. லண்டனில் உரிமம் வழங்குவது மாநகரப் போக்குவரத்து நிறுவனம். அஃது ஊபர் கம்பெனியின் உரிமத்தை 2017 இலும் 2019 இலும் புதுப்பிக்க மறுத்தது. உரிய அனுமதியற்றவர் பிறரது கணக்கில் தம் படத்தைப் பதித்து 14,000 பயணங்களுக்குக் குறையாமல் ஓட்டினர் என்பது 2019 இல் காட்டிய காரணங்களுள் ஒன்று. கம்பெனி தன் முறைகளைத் திருத்தியதன் பின்னர், 2020 செப்டம்பரில் மாஜிஸ்டிரேட்டு நீதிமன்றம் 18 மாத உரிமம் அளித்தது. பெருஞ்செல்வமும் பல ஊர்க் கிளைகளும் உள்ள கம்பெனியும் ஒற்றை வண்டிக்காரரும் ஒரே வினாவுக்கு விடை கூறவேண்டியிருப்பது இம்முறையின் சிறப்பு.

நிலவும் குறை

எனினும் இம்முறையில் ஓட்டை ஒன்று உண்டு. வாடகை வண்டி உரிமம் வழங்கும் மன்றங்கள் இங்கிலாந்தில் இருநூற்றுக்கு மேற்பட்டவை. ஒவ்வொன்றின் விதியும் ஒவ்வொரு விதம். தனியார் வாடகை வண்டிக்காரர் ஓரூரில் உரிமம் பெற்று வேறூரில் ஓட்டச் சட்டம் இடந்தருகிறது. ஆகவே கடுமையான மன்றம் உள்ள ஊரில் வாழ்பவர், எளிதிற் கொடுக்கும் மன்றத்தை நாடிப்போய்ச் சீட்டுப் பெற்றுத் தம்மூரிலேயே தொழில் நடத்தக்கூடும். வேலி ஒருபுறம் உயர்ந்து மறுபுறம் தாழ்ந்திருப்பின் அவ்வேலி எதற்கு?

இக்குறையை ஒருவாறு நீக்க 2022 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஓரிடத்தில் மறுக்கப்பட்டோர், நீக்கப்பட்டோர் ஆகியோரின் விவரத்தை எல்லா மன்றங்களும் காணத்தக்க பொதுப் பதிவேட்டில் எழுதுதல் அதனாற் கடமையாயிற்று. 2025 ஜூனில் கேஸி அம்மையார் நாடு முழுவதற்குமாக வெளியிட்ட மற்றோர் அறிக்கை, அயலூர் உரிமத்தில் ஓடும் வழக்கத்தை நிறுத்துமாறும், எங்கும் கடுமையான ஒரே அளவை ஏற்படுத்துமாறும் பரிந்துரைத்தது.

முடிவுரை

இரவுத்தொழில்மேல் கண்காணிப்பு மட்டும் போதாது. பரிவும் வேண்டும் என்பதற்கு லண்டன் வரலாற்றிலேயே ஓர் இனிய சான்று உண்டு. முற்காலத்தில் வண்டியை நிறுத்துமிடத்தில் விட்டு உணவுண்ணப் போவது வண்டியோட்டிக்கு அரிது. ஷாப்ட்ஸ்பரி பிரபு முதலிய அறச்சிந்தையாளர் 1875 இல் நிதி திரட்டி, நிறுத்துமிடங்களின் அருகே பச்சை நிறமுள்ள சிறு மரக்குடில்களை அமைத்தனர். பொதுச் சாலையில் நிற்பனவாதலின் அவை ஒரு குதிரை வண்டியின் அளவைத் தாண்டலாகாது. அங்கே சூடான உணவு கிடைத்தது. குடியும் சூதும் விலக்கப்பட்டன. கட்டப்பட்ட 61 குடில்களுள் 13 இன்றும் நிற்கின்றன. உணவுக் கடையும் வண்டித் தொழிலும் ஒரே கூரையின்கீழ்க் கூடிய இடம் அது. உழைப்பவரை ஊர் பேணிற்று. அவர் ஊரைப் பேணுவார் என நம்பிற்று.

நம் கல்லூரியினின்று வெளியேறுவோருள் சிலர் நாளை நகரசபைகளிலும் அரசாங்க அலுவலகங்களிலும் அமர்ந்து விண்ணப்பங்களின்மேற் கையெழுத்திடுவர். மேசைமேல் வரும் தாள் ஒரு சிறு தாளே. ஆயினும் மறுத்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையலாம். ஆராயாமற் கொடுத்தால் ஒரு வீட்டுக்குப் பிள்ளை திரும்பாமற் போகலாம். ஆதலின் ஊகத்தைச் சான்றாகக் கொள்ளாமலும், இரக்கத்தாற் கண்மூடாமலும், காரணத்தைத் திறந்து எழுதியும் முடிவு செய்தல் அவர்க்குக் கடன். தாளோடு முன்னே வந்து நிற்பவரைக் காண்பது எளிது. வாராத பயணியையும் உறங்காத அயலாரையும் மனக்கண்ணாற் காணப் பழகுதலே நாம் இப்பொழுதே தொடங்கவேண்டிய பயிற்சி.